அடுத்துக் குடிவருபவருக்கு, கருப்பூர்

சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.
கரண்ட் பில் கட்டியாயிற்று.
மேட்டூர்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை,
அதுவும் விடிகாலை மூன்றரைக்கு.
எழுந்து பிடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை,
வாசலில் நிற்பவை எதுவும் கோபித்துக்கொள்ளாது.

அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் இந்தத் தாள்.

இங்கே மண் வெள்ளை.
வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்து மண்,
காய்ந்தால் சுண்ணாம்பு, நனைந்தால் இட்லி மாவு.
வந்த வருஷம் ஏற்காட்டிலிருந்து
ஐந்து ரோஜாக் கன்றுகளை மடியில் வைத்து
பஸ்ஸில் கொண்டுவந்தேன்,
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
ஓர் இலை கசங்கவில்லை.
ஆடியில் நட்டவை ஐப்பசிக்குள் வெளுத்தன,
நரம்பு மட்டும் பச்சையாக.
இட்லிப்பூவும் அப்படியே, இரண்டு முறை.
அப்புறம்தான் புத்தி வந்தது.
பெரியாஸ்பத்திரியில் முப்பத்திரண்டு படுக்கை,
மணிக்கு மணி பார்த்துக் குறிக்கிறேன்;
வீட்டிலும் எதற்கு இன்னொரு சார்ட்?

இப்போது இருப்பவை
என்னை நம்பி இல்லாதவை.

துவைக்கும் கல்லின் அடியில் கல்வாழை.
சோப்புத் தண்ணீரே அதற்குச் சாப்பாடு.
பாம்பு வரும், வெட்டிவிடுங்கள் என்பார்
ஹவுஸ் ஓனர் அர்த்தநாரி.
வெட்டுங்கள், அவர் எதிரிலேயே.
அது கிழங்கில் இருக்கிறது,
அவருக்குத் தெரியாது.

செம்பருத்திக்கு மட்டும் கொஞ்சம் ரத்தசோகை.
கொழுந்து மஞ்சளித்தால்
செவ்வாய்ப்பேட்டையில் அன்னபேதி வாங்கி
ஒரு சிட்டிகை, நிறையத் தண்ணீரில்.
நன்றி சொல்வதுபோல் மறுநாளே பூக்காது.
பதினைந்து நாள் ஆகும்.

சாக்கடை ஓரம் நித்யகல்யாணி.
யாரும் நடவில்லை.
சுடுகாட்டுப் பூவை வாசலில் வைக்காதே என்று
எதிர்வீட்டுப் பச்சியம்மாள் பிடுங்குவாள்,
அடுத்த மாதம் அவள் வீட்டுப் படியிலேயே முளைக்கும்.
இதன் இலையிலிருந்து எடுத்த மருந்தை
நான் சிறுபிள்ளைகளுக்கு ஏற்றியிருக்கிறேன்,
முடி கொட்டிய பிள்ளைகளுக்கு.
சிலர் வீட்டுக்குப் போனார்கள்.
அதை அவளிடம் சொன்னதில்லை.
சொன்னால்
பூவைக் கும்பிட ஆரம்பித்துவிடுவாள்.

கேட் அருகே மஞ்சளரளி.
எனக்கு முன்பிருந்தவர்கள் வைத்தது.
முதல் நாளே வேரோடு வெட்டச் சொன்னேன்;
அரளி விதைக் கேஸ் எத்தனை,
தேர்வு முடிவு வந்த வாரங்களில்,
பக்கத்தில் நின்று அந்த மானிட்டரைப் பார்த்திருக்கிறேன்.
மூன்று முறை வெட்டியும் துளிர்த்தது.
நாலாவது முறை அரிவாளை எடுக்கவில்லை.
அதன்மேல் என்ன தப்பு.
ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்:
ஞாயிற்றுக்கிழமைதோறும் காய்களைப் பறித்துவிடுங்கள்,
பச்சையாக இருக்கும்போதே,
ஒன்று விடாமல்.
இந்தத் தோட்டத்தில் வேலை என்றால்
அது ஒன்றுதான்.

கடைசியாக, தொட்டிக்கு வடக்கே
வெறும் தரைபோல் தெரியும் இடம்.
அங்கே பைக் நிறுத்தாதீர்கள்.
உள்ளே சின்ன வெங்காயம்போல் கிழங்குகள்,
லில்லி என்றார் கடைக்காரர், முப்பது ரூபாய்.
எட்டு மாதம் செத்தாற்போல் கிடக்கும்.
முதல் மழைக்கு நாலாம் நாள்
நைட் ட்யூட்டி முடிந்து வந்தேன்.
அன்று பதினோராம் படுக்கை காலியாகியிருந்தது.
செருப்பைக்கூடக் கழற்றவில்லை,
அத்தனை இளஞ்சிவப்பு,
எண்ண ஆரம்பித்து
நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் இன்னும் மழை இல்லை.
எனக்கு ராமநாதபுரத்துக்கு மாறுதல்.
கிழங்கில் நாலைந்தை டிபன் டப்பாவில் எடுத்திருக்கிறேன்,
மீதி அங்கேயே.

பின்கதவுத் தாழ்ப்பாளை
கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் விழும்.

இமெல்டா