பாலத்துக்கு இந்தாண்ட

பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்கினால்
ஆர்பர் டீ கிடையாது.
அதை வைத்துத்தான் நாங்கள்
ஊர் எங்கே முடிகிறதென்று சொல்வோம்.

மஞ்சள் போர்டு, நீல எழுத்து,
கொக்கி பக்கம் மாறி வளைந்த ஒரு நங்கூரம்.
முதல் கடையில் பெயின்டர் செய்த தப்பு;
ஒன்பது கிளையிலும் அதே தப்பு.
காசிமேடு, காலடிப்பேட்டை, எர்ணாவூர், தேரடி,
மூலக்கொத்தளம்...
மிச்சத்தை டில்லிபாபுவிடம் கேளுங்கள்,
திறந்த தேதியோடு சொல்வார்.

ஒருமுறை அடையாறில் பத்தாவது திறந்தார்கள்.
நாற்பத்தோரு நாள்.
டீ நன்றாகத்தான் இருக்கிறது,
ஏன் இவ்வளவு கத்துகிறீர்கள் என்று கேட்டார்களாம்.
டிரெய்லர் ஓடும் ரோட்டில்
பேசிப் பழகிய தொண்டை,
வேறென்ன செய்யும்.

போன தையில் டி.ஹெச். ரோட்டுக்குப்
பவளமல்லி காபி வந்தது.
நாங்கள் கேட்டிருந்தது நிற்கிற பஸ்,
மழைநீர் வடிய ஒரு வழி.
வந்தது கண்ணாடிக் கதவு.
உள்ளே குளிர். வரிசையாக டோனட்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பெயர்ச்சீட்டு,
ஆஸ்பத்திரித் தொட்டிலில் கட்டுவது போல.

"அது அந்தாண்டக் கடை" என்றார் டில்லிபாபு.
"அதும் படிய மிதிச்சேன்னா
எம் பேர மாத்திக் கூப்புடுங்கடா."
பெஞ்சில் இருந்த ஆறு பேரும் கிளாஸைத் தட்டினோம்.
நான் கொஞ்சம் மெதுவாக.
அன்றைக்குத்தான் அவர்கள் டப்பாக்களைக் கொண்டுபோகும் ஆப்பில்
என் வண்டி நம்பர் ஏறியிருந்தது.

கவுன்டரில் செரியன் நகர் கோகிலவாணி,
காபிப்பொடி நிற ஏப்ரனில்.
"வெல்கம் சார்" என்றாள்.
கேமரா பார்க்காத பக்கம் திரும்பி
"இன்னாண்ணா, நீயுமா?" என்றாள்.
நாலு மணி பிரேக்கில்
ஏப்ரனைச் சுருட்டிப் பையில் திணித்து
ஆர்பர் டீயில் ஓரமாக நிற்பாள்.
ஸ்ட்ராங்காக, சர்க்கரை தூக்கலாக.
யாரும் எதுவும் கேட்டதில்லை.
வறுத்த கொட்டை வாசம் அவள் தலைமுடியிலிருந்து
மணலிக் காற்றையும் மீறி வரும்.

செவ்வாய் ராத்திரி, பதினொன்று நாற்பது.
டோனட் ஆறு, ஃபில்டர் காபி ஒன்று.
நாகூரான் தோட்டம், மூன்றாவது தெரு, மாடி.
கஸ்டமர் பெயர்: பாபுடெல்லி.

படிக்கட்டிலேயே சிரிப்பு வந்துவிட்டது.
கதவு ஒரு சாண் திறந்தது.
கட்டம்போட்ட லுங்கி, காதைத் தொடும் மீசை.
நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"ஓடிபி சொல்லுங்க சார்" என்றேன்,
பதினோரு வருஷமாக அண்ணாத்த என்று கூப்பிடும் வாயால்.
நாலு எண்ணையும்
போலீஸில் முகவரி கொடுப்பவர் போலச் சொன்னார்.
"வூட்ல கெஸ்ட்டு."
உள்ளே டிவி மட்டும். சத்தமில்லாமல்
யாரோ கோல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நாலு மணி.
கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரைக்கும் நின்றன.
பெஞ்சில் டில்லிபாபு
பவளமல்லியைத் திட்டிக்கொண்டிருந்தார்:
"நடுவுல ஓட்ட போட்றான்,
ஓட்டைக்கும் சேத்து காசு வாங்கறான்."
என் டீக்கு அவரே காசு கொடுத்தார்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவை.
ஒரு நிமிஷம் யோசித்து
கோகிலவாணி டீக்கும் கொடுத்தார்.

அவள் ரோட்டைப் பார்த்தபடி,
லாரிக்காரனிடம் சொல்வது போல்,
"நேத்து சாக்லேட் தீந்துபோச்சுண்ணா,
ரெண்டு ஸ்ட்ராபெரி மாத்தி வெச்சேன்.
பாவம், அந்த பாபுடெல்லி,
வாரத்துல மூணு நாள் வாங்கற கஸ்டமரு."

யாரும் திரும்பவில்லை.
ஊதி ஊதி, ஆறிப்போன டீயைக் குடித்தோம்.
டில்லிபாபு எழுந்து
கிளாஸின் அடி மண்டியை ரோட்டில் வீசினார்.
ஒரு டிரெய்லர் அதன்மேல் ஏறிப் போனது.
"இன்னா இருந்தாலும்
நம்ம டீ நம்ம டீதான்டா!" என்று கத்தினார்.

அடையாறில் கேட்டிருக்கும்.