மூண்டு கிழமை

விமலரூபி எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவையாம்.
துளிமருந்து விட்ட கண்ணுக்கு
வாசல் எது, வெய்யில் எது எண்டு பிரியேல்லை.

டொக்டர் கிருபாலினி படத்தைத் திருப்பிக் காட்டுறா.
செம்மஞ்சள் தரை. கிளைவிட்டு ஓடுற நாடிகள்.
மேல்வளைவில ஒண்டு மட்டும்
ரயர் வெடிப்பால தள்ளின ரியூப் மாதிரிப்
புடைச்சு நிக்குது,
கடுகிலும் சிறிசு.
சுத்திவர மஞ்சள் கசிவு.

லேசரால சுடலாம்.
சுட்டால் தழும்பு.
நாடி அடைபட்டால் அந்தப் பக்கம் இருட்டு.
விட்டால்
தானாய் உறைஞ்சு மூடவும் கூடும்,
வெடிக்கவும் கூடும்.
"கசிவு இன்னும் நடுவுக்கு வரேல்லை.
கண்காணிப்பம்."

கண்காணிப்பு.
இந்த ஊரில ஒருகாலம் அந்தச் சொல்லுக்குப்
பச்சை உடுப்பும் மண்மூட்டையும் இருந்தது.
அவவுக்கு அது தெரியாத வயசு.

பதினொரு வருசம் முகமாலையில
கண்ணிவெடி எடுத்தனான்.
முழங்காலில நிண்டு,
ஒரு மீற்றர் அகல ஓடை,
மண்ணைச் சுரண்டிச் சுரண்டி.
கண்டால் சிவப்புத்தடி நட்டுப் பின்னால வாறது.
பின்னேரம் கிடந்த இடத்திலயே வெடிக்கவைப்பம்.
கிடக்கட்டும், பாப்பம் எண்டு
ஒருத்தரும் சொன்னதில்லை.

ஒண்டைத் தவிர.
பனைவேர் இறுக்கிப் பிடிச்சிருந்தது.
இருட்டுப்பட்டுட்டுது, விட்டிட்டு வந்தம்.
அண்டிரவு ஜெசிந்தாவும் நானும்
பக்கத்தில பக்கத்தில படுத்தும் கதைக்கேல்லை.
விடிய, அது அப்பிடியே கிடந்தது.

"சுடுங்கோ" எண்டு வாய்வரை வந்திட்டுது.
அவ கிளினிக் கொப்பியைப் பிரட்டினா.
பிரஷர் நூற்றெண்பத்தாறு.
குளிசை எப்ப விட்டனீங்கள்?
நாலு மாசம்.
கொப்பியைப் பாத்தா, என்னைப் பாத்தா.
"அதை முதல் இறக்குங்கோ அம்மா.
மூண்டு கிழமையில வாங்கோ.
நடுவுக்கு வந்தால் சுடுவம்."

தந்தது ஒரு கட்டத்தாள், நடுவில புள்ளி.
பிரிஜ் கதவில ஒட்டியிருக்கிறன்,
கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில.
காலமை குளிசையை விழுங்கிப்போட்டு
இடக்கண்ணைப் பொத்துறன்.
மேல நிக்கிற வீக்கம்
கீழதான் தெரியுமாம்.
புள்ளியை விடாமல்
ஓடை ஓடையாய்க் கீழ இறங்குறன்.
எங்கயாவது கோடு வளையுதோ,
எங்கயாவது மண் புதுசாய்க் கிடக்குதோ.

இண்டைக்கு ஒன்பதாம் நாள்.
கடைசி வரிசைக்கு வரேக்குள்ள
மகன் பால் எடுக்கக் கதவைத் திறந்தான்.
தாள் ஆடிப்போச்சு.

மூடடா எண்டு சொல்லிப்போட்டு
திரும்பவும் முதல் கட்டத்தில இருந்து.