வின்டிங் ஐயரின் முகம்

பெந்தெகொஸ்தேவுக்கு முந்தின சனிக்கிழமை
உங்களை ஆணியிலிருந்து இறக்கி
மேசைமேல் மல்லாத்துவேன், ஐயரே.
ஒரு வருஷத்து விளக்குப் புகை
கன்னத்தில் ஏறியிருக்கும்.
பாதியாய் வெட்டிய உருளைக்கிழங்கு,
ஈரப்பக்கம் கீழே, வட்டம் வட்டமாக.
நெற்றி வெளுக்கும், பிறகு மூக்கு,
பிறகு கழுத்தைச் சுற்றிய வெள்ளை மடிப்புகள்.
இருபத்திரண்டு. எண்ணியிருக்கிறேன்.
கிழங்குதான் கறுத்துப்போகும்.

நீங்கள் முதல் மூட்டையை அவிழ்த்தபோது
பன்றிக்குப் போடும் என்றார்களாம் எங்கள் ஆட்கள்.
வேதத்தில் இல்லாத பண்டம்,
தின்றால் குஷ்டம் வரும்.
நீங்கள் பிரசங்க மேடையிலேயே
வேகவைத்த ஒன்றைத் தோலோடு கடித்தீர்களாம்.
அன்றைய ஆமென்
வாய் நிறையக் கிழங்கோடு வந்ததாம்.

பெர்கனிலிருந்து படகேறி வந்த ஓவியன்
பாரமானியை வரைந்தான், பூகோள உருண்டையை வரைந்தான்,
நாற்பது வருஷ மழையை நீங்கள்
அளந்து எழுதிய பேரேட்டையும்.
கிழங்கை மட்டும் மாட்டேன் என்றுவிட்டான்.
படித்தவர் கையில் பன்றித் தீனியா?
ஒரு ஜெபப் புத்தகத்தைத் திணித்தான்.
ஆனால் விரல்கள் அதற்கு முன்பே காய்ந்துவிட்டன.
புத்தகத்தை அப்படி யாரும் பிடிப்பதில்லை.
உள்ளே இருந்தது உருண்டை,
கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
துடைக்கிறவளுக்குத் தெரியாதா.

போன ஆகஸ்டில்
ஒரே ராத்திரியில் இலை கருகிற்று.
தோண்டத் தோண்டக் கூழ்.
நாற்றம் ஃபியோர்டைத் தாண்டி அக்கரைக்குப் போனது.
ஆஸ்லேக் வீட்டில் இரண்டு பிள்ளைகள்
ஈஸ்டரைப் பார்க்கவில்லை.
"உம்மை நம்பித்தானே
பார்லி விதைப்பதை விட்டோம்"
என்று அவன் உங்கள் முன்னால் நின்று கத்தினான்.
நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கை வலித்தது.
நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை,
வர்ணம் பூசிய வாய்.

இன்று சனிக்கிழமை.
உப்புப் பானைக்குப் பின்னால்
நான் ஒளித்துவைத்தது ஒன்று.
புருஷனுக்கும் சொல்லவில்லை.
சுருங்கிவிட்டது, ஆனாலும் மூன்று கண்ணிலும் முளை.
உங்களை மல்லாத்திவிட்டு
கத்தியோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு மூன்றாக வெட்டினேன்,
கண்ணுக்கு ஒரு துண்டு,
வெளியே போய்ப் புதைத்துவிட்டு வந்தேன்.
மண் இன்னும் பனிக்குளிர்.

ஐயரே, இந்த வருஷம் எச்சில்தான்.
இடுப்புத் துணியின் நுனியை நாக்கில் நனைத்து
கண்களை மட்டும் துடைத்திருக்கிறேன்.
மற்றது புகையாகவே இருக்கட்டும்.
ஆணியைப் பிடுங்கி
ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அடித்தேன்.
அங்கிருந்து பார்த்தால்
பாத்தி தெரியும்.