கோட்டை கட்டாத நிலா

அவுட்ராம் பக்கம், மூன்றாம் மாடி ஆய்வகம்.
இரவுப் பணி முடிய இருபது நிமிடம்.
தட்டில் இன்னும் உடல்சூடு.
சாக்லெட் அகார் என்று பெயர்,
சாக்லெட் ஒரு துளி கிடையாது:
சூட்டில் நிறம் மாறிய குருதி.

மேலே வெள்ளைக் காகித வட்டுகள்,
சட்டைப் பொத்தானைவிடச் சிறிது.
ஒவ்வொன்றும் ஒரு மருந்து.
மருந்து பலித்தால் சுற்றிலும் கிருமி ஒதுங்கி
நிலாவுக்குக் கோட்டை கட்டியதுபோல்
ஒரு வெட்டவெளி விழும்.

கிட்டக் கோட்டை எட்ட மழை என்பார்கள்.
இங்கே அந்தக் கணக்கு செல்லாது.
கோட்டை கிட்ட வந்தால்
மழை வாசலிலேயே நிற்கிறது.

பென்சிலின்: கோட்டை இல்லை.
டெட்ராசைக்ளின்: இல்லை.
சிப்ரோ வட்டில் சாய்ந்து படுத்திருக்கிறது கிருமி,
புளோக்கின் கீழே கல்மேசைப் பூனை மாதிரி.
அதெல்லாம் பழைய சேதி.
கடைசி வட்டுக்குத்தான் அளவுகோலை எடுத்தேன்.
அளந்தேன்.
துடைத்துவிட்டு அளந்தேன்.

வெட்டை என்பது இந்த நோயின் பழைய பெயர்.
வெட்டவெளிக்கும் அதே பெயர்தான்.
வெட்டையை அடக்கும் வெட்டை
சுருங்கிச் சுருங்கி
இன்று என் சுண்டுவிரல் நகம்.

ஆளுக்குப் பெயர் இல்லை, எண் உண்டு.
வயது முப்பத்தொன்று.
படிவத்தின் ஓரம் டாக்டர் இஸ்கந்தரின் கிறுக்கல்:
அறைத்தோழர் தந்த மாத்திரை நான்கு.
இரண்டில் எரிச்சல் நின்றது, நிறுத்திவிட்டார்.

சிரிக்க எனக்கு உரிமையில்லை.
பல்வலிக்குத் தந்ததில் ஒன்றரை நாள் மிச்சம்
என் வீட்டுக் குளிர்பெட்டி மேல் கிடக்கிறது,
மின்கட்டண ரசீதுக்கு அடியில்.

"இன்னொரு முறை செய்து பாருங்களேன், அருள்நங்கை."
"செய்தாயிற்று டாக்டர். இது மூன்றாவது."
அவர் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.
"கூட இருந்தவர்கள்?"
என்று கேட்டிருக்கக் கூடாது, என் வேலையில்லை.
"ஒருவர் வந்துவிட்டார்.
இன்னொருவருக்குப் பெயர் கிடையாது.
டெலிகிராமில் ஒரு முயல் படம்.
நேற்று அதுவும் போய்விட்டது."

ஏழே முக்கால் ரயிலில் நிற்க இடமில்லை.
தோளோடு தோள், தலை கவிழ்ந்து
ஆளுக்கொரு வெளிச்சத்தில்.
கழுத்தட்டை தொங்கவிட்ட ஒருவன்
திரையைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறான்.
எட்டிப் பார்க்கிறேன், வெட்கமில்லாமல்.
முயல்தானா?

கதவு மூடுகிறது.
யாரோ என் தோள்மேல் தும்முகிறார்கள்,
மன்னிப்புக் கேட்கிறார்கள்.