ஏழாம் வாசல்

பறவைநாகம் ரோஸ் நிறமாம்.
இருபத்தாறு வருடமாக எனக்கு அது கறுப்பு.

மல்லாவியில் பரராசா மாமாவின் மால்.
பன்னிரண்டு அங்குலக் கறுப்புவெள்ளை ரீவி.
ஒரு மூடி பெற்றோலில் உதைத்தெழுப்பி
மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஜெனரேற்றர்.
அனுமதி, வீட்டுக்கு அரைப்போத்தல்.
மூன்று வீட்டுப் பிள்ளைகள் நாங்கள்
ஒரு வீடென்று சொல்லி நுழைந்தோம்.

இரைச்சலில் படத்தின் குரல் கேட்காது.
கேட்டாலும் இங்கிலீஸ்.
அதனால் தவனேசன் எழும்பி
ரீவிக்குப் பக்கத்தில் நிற்பான்.
வாள் வைத்திருப்பவனுக்கு ஒரு குரல்,
வில்லுக்காரிக்கு மூக்கால் ஒரு குரல்,
வாசல்தோறும் வந்து மறிக்கும் தாடிக்கிழவனுக்கு
சங்கக்கடை மனேச்சரின் குரல்:
"அட்டை கொண்டந்தனீங்களோ?
நாலு பேர் நிக்கிறியள்,
மூண்டு பேரின்ர பதிவுதான் கிடக்கு.
பருப்பு முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை வாங்கோ."
பறவைநாகம் தீ கக்கும்.
மால் முழுக்கச் சிரிக்கும்.

நேற்று வேலையால் வந்து
முழங்கால் மண்ணைக்கூடக் கழுவாமல்
மகனின் போனில் அதைப் பார்த்தேன்.
(விடியலிலிருந்து ஒன்றரை மீற்றர் முன்னேறியிருந்தேன்.
கயிறு, சிவப்புத் தடி, கயிறு.
ஒரு கட்டம். பிறகு ஒரு கட்டம்.)

உண்மையைச் சொன்னால் மோசமான படம்.
எங்கே ஓடினாலும் அதே மலை
மூன்று தரம் பின்னால் போகிறது.
வில்லுக்காரியின் சப்பாத்து
பாதியில் நிறம் மாறுகிறது.
கிழவன் அட்டை கேட்கவேயில்லை.
துணிவு உள்ளத்தில் இருக்கிறது என்று
ஏதோ சொல்கிறானாம், மகன் சொன்னான்.
எனக்குச் சப்பென்று போய்விட்டது.
நேசனின் கிழவனுக்கு உலகம் தெரியும்.

"இது முதல் படமில்லை அம்மா,
மேசையில வைச்சு விளையாடுறது.
கட்டம் கீறின கடதாசி,
இருபது பக்கத் தாயக்கட்டை,
ஒராள் கதை சொல்லச் சொல்ல
மற்றாக்கள் உருட்டவேணும்."
"பிழைச்சால்?"
"செத்துப்போவினம். பிறகு
வேற பேரில வரலாம்."

வேறு பெயரோடு போனவர்களைத்தான்
எனக்குத் தெரியும்.
தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

நேசனுக்கு வவுனியாவில் ரயர் கடை.
போன் எடுத்தேன்.
"எந்தப் படம்? நானோ?
சீ, நான் அப்ப சரியான வெக்கக்காரன் எல்லே."
பின்னால் காற்றடிக்கிற மெசின்.
நான் விட்டுவிட்டேன்.
எதைக் கட்டுவது எதை விட்டுப்போவதென்று
அந்த வருடங்களில் எல்லாரும்
இருட்டுக்குள் நின்றுதானே முடிவெடுத்தோம்.

இரவு மகன் வந்து கட்டிலில் இருந்தான்.
கடைசிப் பாகம் இல்லையாம்.
காசு முடிந்து நிறுத்திவிட்டார்களாம்.
ஏழாம் வாசலுக்கு வெளியே
நாலு பேரும் அப்படியே நிற்கிறார்களாம்.
தேடித் தேடிப் பார்த்திருக்கிறான், பாவம்.

"இருக்கு. நான் பார்த்தனான்" என்றேன்.

அது மாமாவின் கலியாணக் கசற்.
யாரோ அதற்கு மேல் படத்தை அடித்துவிட்டார்கள்.
தாலி கட்டினது முழுக்க அழிந்து
சாப்பாடு மட்டும் தப்பிக் கிடந்தது;
மாமிக்குக் கனகாலம் அது தெரியாது.

வாசல் மெல்லத் திறக்கும்.
ஒளி வரும். கோடு கோடாய் நடுங்கும்.
உடனே முள்ளியவளை.
சேலை கட்டிய பந்தல்,
வியர்த்து வழியும் பொம்பிளை,
சோடாப் பெட்டியோடு ஓடுகிற ஒருவர்,
கமெராவைக் கண்டு பல்லைக் காட்டும் பெடியன்.

பந்தி முழுக்க நாங்கள்
அந்த நாலு பேரையும் தேடுவோம்.

"கை கழுவப் போட்டினம்,
இப்ப வருவினம்" என்பான் நேசன்.