உறைபெட்டியில் ஒரு துப்பாக்கி

சென்ற அக்டோபரில் என் குண்டு
நாலு விரற்கடை இடப்பக்கம் தள்ளிப் போனது.
காகிதத்தில் அது ஒரு தவறு, அவ்வளவுதான்.
மூஸ் மானுக்கு
நுரையீரலுக்கும் குடலுக்கும் இடையிலுள்ள தூரம்.

நாய் முன்னே, நாங்கள் பின்னே,
ரெண்டலன் சதுப்பில் முழங்கால் புதையப் புதைய
மூன்று கிலோமீட்டர்.
கண்டுபிடித்தபோதும் அது
நின்றுகொண்டுதான் இருந்தது.

காபிக் குடுவையை மூடியபடி ஓட்வார் கேட்டான்:
"கை நடுக்கமோ?"

கை நடுங்கினால் எனக்குப் பிழைப்பில்லை.
எல்வெரும் நகரில் பல் கட்டுகிறேன்.
மயிரிழை உயர்ந்தாலும்
மறுநாளே வந்து நிற்பார்கள்,
நாக்கால் தடவித் தடவிக் காட்டுவார்கள்.

மரத்தின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.
வால்நட் கட்டை.
மழை குடித்தால் பருக்கும், அடுப்பறையில் இளைக்கும்.
இரும்புக்கு அந்தச் சபலம் கிடையாது.
வெடிக்கு வெடி
அது உள்ளே வேறொரு மூலையில் போய் உட்கார்ந்தால்
குறி என்ன செய்யும்?

மார்ச் மாதம், வெளியே பனி கூரையளவு.
பூட்டைக் கழற்றினேன், திருகு இரண்டையும் கழற்றினேன்,
கட்டையின் வயிறு திறந்துகொண்டது.
வாயைத் திற என்று கெஞ்ச வேண்டாத நோயாளி.
உதை விழும் இடத்தைச் சுற்றி
சொத்தை சுரண்டுவதுபோல் உளியால் சுரண்டினேன்.
பழைய எண்ணெய் ஊறிய கறுப்பு மரம்
துருவல் துருவலாக வந்தது.
துளைகளுக்குக் களிமண்.
இரும்புக்கு ஷூ பாலிஷ், இரண்டு பூச்சு,
பிசின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க.

பிசினையும் கடினமாக்கியையும்
தராசில் நிறுத்துக் கலந்தேன்.
சாம்பல் நிறக் கூழ்.
இரும்பை அதில் இறக்கினேன்.
விளிம்பெல்லாம் பிதுங்கி வழிந்தது,
துடைத்தேன், திருகை விரலால் மட்டும் முறுக்கினேன்.
தூங்கப் போனேன்.

மறுநாள் வரவில்லை.

முன்பக்கம் அசைகிறது.
பின்பக்கம், அந்த வால்நுனியில்,
பாலிஷ் தடவியதாக ஞாபகமே இல்லை.
ஒரு தொலைபேசி வந்தது, ஐனாரின் அக்கா,
அரைமணி நேரம் அவள் முழங்காலைப் பற்றி.
பத்தொன்பது ஆண்டுகளாக
பிறர் வாய்க்கு அச்செடுப்பவள்
என் கட்டைக்குள் இரும்பைப் புதைத்துவிட்டேன்.

தட்டினேன். கெஞ்சினேன்.
ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன்.
பிறகு இரும்பு குளிரில் சுருங்கும் என்பது நினைவுக்கு வர
நெகிழியில் சுற்றி
நிலவறை உறைபெட்டியில் கிடத்தினேன்,
சென்ற ஆண்டு இறைச்சிப் பொட்டலங்களின்மேல்.
"அக்டோபர்" என்று என் கையெழுத்தில் எழுதியவை.
சுட்டதும் சுடப்பட்டதும்
ஒரே குளிரில் ஓர் இரவு.

மீன் எடுக்கப் போன ஐனார்
மூடியைத் திறந்தான், பார்த்தான், மூடினான்.
அன்றிரவு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடிந்ததும் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு.
டக்.

பல் பிடுங்கும்போது வரும் அதே சத்தம்.
உள்ளே பார்த்தேன்:
இரும்பின் ஒவ்வொரு கீறலும், எண்ணும்,
தொழிற்சாலை முத்திரையும்கூட
சாம்பல் படுகையில் தலைகீழாக.
எங்கும் தொடுகிறது, எங்கும் ஒட்டவில்லை.
வால்நுனியில் மட்டும் பட்டாணியளவு பெயர்ந்திருந்தது.
அதை அப்படியே விட்டேன்.

குழலுக்கும் கட்டைக்கும் நடுவே
மின்கட்டண ரசீதை நுழைத்து இழுத்தேன்.
தங்குதடையின்றி ஓடியது.

மே மாதம், நூறு மீட்டர், ஓட்வார் தொலைநோக்கியோடு.
முதல் இரண்டும் ஒரே துளைபோல்.
"அட," என்றான்.
மூன்றாவது
நாலு விரற்கடை இடப்பக்கம்.

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
மரம் அசையவில்லை, இரும்பு அசையவில்லை.
விசையை இழுக்கும் கணத்தில்
சதுப்பில் நின்ற அந்தக் கால்கள்
என் கண்ணுக்குள் வந்து போயின.

இதற்கு எதைக் கலந்து ஊற்றுவது?
இன்னும் ஐந்து குண்டு கேட்டேன்.