வெயிட்டிங் தனி

ஹூஸ்டனிலிருந்து தோகா பதினாலரை மணி நேரமாம்.
தோகாவில் அஞ்சு மணி நேரம் நாற்காலியில்.
அப்புறம் திருவனந்தபுரம், நாலேகால்.
பெட்டியை டிக்கியில் வைப்பதற்குள்
ஒப்பித்துவிட்டார் நம்பிராஜன் சார்.
நான் கேட்கவில்லை.

இங்கிருந்து நாங்குநேரி எவ்வளவு நேரம்?
நூத்தியிருபது கிலோமீட்டர், என்றேன்.
நேரத்தைக் கேட்டேன்.
அதைச் சொல்ல நான் என்ன பிளேனா ஓட்டுதேன்.

மூணரைக்குப் பத்திர ஆபீசில் டோக்கன்,
முப்பத்தேழாம் நம்பர்.
தம்பிக்கும் இவருக்கும் பதினோரு சென்ட், ஒரு கிணறு.
இன்றைக்கு விட்டால்
அடுத்த டோக்கனுக்கு லீவு கிடையாது.

பாறசாலை தாண்டவே ஒன்றரை மணி நேரம்.
எதிரே கேரளாவுக்கு
நம் மலைகளை ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள்,
ஒன்றின் வாலில் ஒன்று.
போனில் தான் வந்த பாதையைக் காட்டினார்.
பதினஞ்சாயிரத்துச் சொச்சம்.
நேர்கோடுதான், பூமி உருண்டையல்லவா,
வளைந்த மாதிரி தெரிகிறது என்றார்.
மார்த்தாண்டத்தில் எங்கள் நேர்கோடும் வளைந்தது.
பூமியின் பேரில் பழி சொல்ல முடியாது,
பாலத்துக்குக் கீழே கல்யாண ஊர்வலம்.

ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள்
கையை விரித்தபடி சும்மா நின்றன.
சார் வாயைத் திறந்து தூங்கிப்போனார்.
பிறகு கண்ணைத் திறக்காமலே,
இப்ப எதுக்கு மேல போறோம்?
பணகுடி, என்றேன்.
பணகுடிக்கு மேலயா
என்று திரும்பவும் தூங்கினார்.

மூணு இருபதுக்குக் கொண்டுவந்து இறக்கினேன்.
ரெண்டு மணியிலிருந்து சர்வர் இல்லையாம்.

முத்திரைத்தாள் கடை வாசலில் ஒரே ஒரு பெஞ்சு.
ஒரு முனையில் தம்பி வானமாமலை,
மறு முனையில் இவர்,
நடுவில் மழைக்குக் கொண்டுவந்த குடை.
எத்தன மணிக்கு எறங்குன?
பத்தே முக்கா.
ம்.

பதினோரு வருஷத்துப் பேச்சு அவ்வளவுதான் போல
என்று நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்க,
வானமாமலை எழுந்து என்னிடம் வந்தார்.
எவ்வளவு தூரம் வே?
ஏர்போர்ட்டா? நூத்தியிருபது.
அது எனக்குத் தெரியாதா. அவன் இருக்க ஊரு.
பதினஞ்சாயிரத்துச் சொச்சம்னு சொன்னாவ.
விரலை மடக்கி என்னவோ கூட்டினார்.
கிலோமீட்டருக்கு நீ என்ன வாங்குத?
பதினாலு ரூவா.
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
அம்புட்டு ஆவும் என்ன, என்றார்,
போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.
குடை இப்போது மடியில்.

பில் புத்தகத்தை எடுத்தேன்.
ஓடிய தூரம், டோல், பேட்டா.
வெயிட்டிங் என்ற இடத்தில் பேனாவை வைத்தேன்,
பெஞ்சைப் பார்த்தேன், எடுத்துவிட்டேன்.
உள்ளே மின்விசிறிக்குக் கீழே
சர்வர் இன்னும் வரவில்லை.
நாலாகப் போகிறது.
சாரின் கைக்கடிகாரத்தில்
விடிய நிறைய நேரம் இருந்தது.